பல்தளக் கூட்டு விளையாட்டு

பல்தளக் கூட்டு விளையாட்டு என்பது, வெவ்வேறு வகைக் கருவிகளை வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள் ஒரே நிகழ்பட ஆட்டத்தில், ஒரே வேளையில், ஓர் அணியாகச் சேர்ந்து விளையாடுவதைக் குறிக்கும். ஆங்கில வழக்கைப் பின்பற்றி இது கிராஸ்பிளே என்றும் அழைக்கப்படுகின்றது. ஒருவர் விண்டோஸ் கணினியிலும், அவருடைய நண்பர் பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸ் போன்ற ஆட்டப் பொறியிலும், இன்னொருவர் திறன்பேசியிலும் இருந்துகொண்டு ஒரே அணியில் ஆட முடியுமானால், அந்த ஆட்டம் பல்தள வசதி கொண்டது எனலாம்.

இணையத்தின் வழியே தகவல்களைப் பரிமாறுவது இக்கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஆகையால் 2000 ஆம் ஆண்டளவிலேயே இது நடைமுறையில் செய்து காட்டப்பட்டது. ஆயினும் சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் தத்தம் பொறிகளுக்கு இடையே இதற்கு இடமளிக்க 2018 ஆம் ஆண்டு வரை சென்றது. இந்த இடைவெளிக்குத் தொழில்நுட்பத்தை விட வணிக நலன்களே பெரிதும் காரணமாக இருந்தன.

வரைவிலக்கணம்

பல்தள விளையாட்டு, அதனுடன் தொடர்புடைய வேறு சில வசதிகளுடன் குழப்பிக்கொள்ளப்படுவது உண்டு. ஓர் ஆட்டம் பல கருவிகளுக்காக வெளியிடப்படுவதனால் மட்டும் அது பல்தள விளையாட்டு ஆகிவிடாது. 2018 இல் வெளியான மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்டு கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய மூன்றிலும் கிடைத்தது. ஆனால் ஒரு தளத்தின் ஆட்டக்காரர் மற்றொரு தளத்தின் ஆட்டக்காரரோடு சேர்ந்து வேட்டையாட முடியவில்லை. 2025 பெப்ரவரியில் வெளியான மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் ஆட்டத்தில் இத்தடை நீக்கப்பட்டது.

ஒரு கருவியில் ஈட்டிய முன்னேற்றத்தை மற்றொரு கருவியில் தொடரும் வசதி தனியானது. ஒருமுறை பணம் செலுத்திப் பல கருவிகளிலும் ஆட்டத்தைப் பெறுவதும் அவ்வாறே. இவை மூன்றும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து இருக்கவேண்டும் என்பதில்லை.

ஒரே பெயரைக் கொண்ட ஆட்டத்தின் இரு பதிப்புகள் கூட ஒன்றோடொன்று இணையாமல் போகலாம். மைன்கிராப்ட் ஆட்டத்தின் ஜாவா பதிப்பும் பெட்ராக் பதிப்பும் இதற்கு எடுத்துக்காட்டாகும். ஆட்டப் பொறிகளும் திறன்பேசிகளும் பெட்ராக் பதிப்பைப் பயன்படுத்துகின்றன. எனவே கணினியில் ஜாவா பதிப்பைத் திறப்பவர் திறன்பேசியில் ஆடும் தோழரோடு நேரடியாகச் சேர இயலாது. அவரும் பெட்ராக் பதிப்பைத் திறக்கவேண்டும்.

வரலாறு

தொடக்க காலம்

சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் ஆட்டப் பொறியில் இணையத்துடன் இணைவதற்கான மோடம் உள்ளமைந்திருந்தது. 2000 ஆம் ஆண்டில் இப்பொறிக்கு வெளியான குவேக் III அரினா ஆட்டத்தில், டிரீம்காஸ்ட் ஆட்டக்காரர்களும் கணினி ஆட்டக்காரர்களும் ஒரே வழங்கியில் சந்திக்க முடிந்தது. இது போட்டி ஆட்டமாகும்.

கூட்டாக ஆடுவதில் நெடுங்காலம் நிலைத்த முதன்மையான எடுத்துக்காட்டு பைனல் பேன்டசி XI ஆகும். இது 2002 மே மாதம் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 பொறிக்கு வெளியானது. அவ்வாண்டிலேயே விண்டோஸ் பதிப்பும், 2006 இல் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பும் வந்தன. மூன்று தளங்களின் ஆட்டக்காரர்களும் ஒரே உலகில் உலவினர். ஆறு பேர் கொண்ட குழுவாகச் சேர்வதே இவ்வாட்டத்தின் அடிப்படை. மூன்று குழுக்கள் இணைந்து 18 பேர் கொண்ட கூட்டணியாகவும் செயற்படலாம். ஜப்பானியரும் ஆங்கிலம் பேசுவோரும் ஒரே குழுவில் ஆடியதால், முன்கூட்டியே வரையறுத்த சொற்றொடர்களை மொழிமாற்றிக் காட்டும் வசதியும் சேர்க்கப்பட்டிருந்தது. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கான சேவை 2016 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் பதிப்பு அதன் பின்னரும் தொடர்ந்தது.

2011 ஏப்ரலில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டல் 2 ஆட்டத்தில், பிளேஸ்டேஷன் 3 வைத்திருப்பவர் விண்டோஸ் அல்லது மேக் கணினி வைத்திருப்பவரோடு சேர்ந்து ஆட முடிந்தது. இதன் கூட்டுப் பகுதியில் அட்லஸ், பி-பாடி என்னும் இரு எந்திரன்களை இருவர் இயக்குவர். ஒருவர் தனித்து விடுவிக்க இயலாதவாறு புதிர்கள் அமைக்கப்பட்டிருந்தன.

தடைகளும் தளர்வும்

2016 மார்ச்சில் மைக்ரோசாப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் வலையமைப்பைப் பிற வலையமைப்புகளோடு இணைக்க ஆட்ட உருவாக்குநர்களுக்கு இடமளிப்பதாக அறிவித்தது. அந்நிறுவனம் 2017 செப்டம்பரில் வெளியிட்ட மைன்கிராப்ட் இற்றைப்படுத்தல், விண்டோஸ் 10, எக்ஸ்பாக்ஸ் ஒன், திறன்பேசிகள் ஆகியவற்றின் ஆட்டக்காரர்களை ஒன்றிணைத்தது. 2018 ஜூனில் நின்டெண்டோ சுவிட்ச் பொறியும் இதில் சேர்ந்தது. சோனி சேரவில்லை. தன் வலையமைப்பில் உள்ள சிறுவர்களை, தன்னால் மேற்பார்வை செய்யமுடியாத வெளித் தொடர்புகளுக்கு உட்படுத்த இயலாது என்பது அந்நிறுவனம் கூறிய காரணங்களுள் ஒன்று.

2018 ஜூனில் போர்ட்நைட் ஆட்டம் சுவிட்ச் பொறிக்கு வந்தபோது சிக்கல் பெரிதாகியது. பிளேஸ்டேஷனோடு ஒருமுறை இணைக்கப்பட்ட கணக்கைச் சுவிட்சில் பயன்படுத்த முடியாது என்பதை ஆட்டக்காரர்கள் கண்டனர். கண்டனங்கள் எழுந்ததை அடுத்து, 2018 செப்டம்பர் 26 அன்று சோனி தன் கொள்கையை மாற்றி, போர்ட்நைட் ஆட்டத்துக்குச் சோதனை அடிப்படையில் இசைவளித்தது. 2019 ஜனவரியில் ராக்கெட் லீக் ஆட்டமும், அவ்வாண்டு டிசம்பரில் மைன்கிராப்ட் பெட்ராக் பதிப்பும் பிளேஸ்டேஷன் 4 உட்பட எல்லா முதன்மைத் தளங்களையும் இணைத்தன.

செயற்படும் முறை

பல்தள விளையாட்டு பின்வரும் கூறுகளில் தங்கியுள்ளது.

பொதுவான தகவல் வடிவம்: ஆட்டக்காரரின் இடம், செயல், காலம் முதலியன சிறு தகவல் பொதிகளாக அனுப்பப்படுகின்றன. எல்லாக் கருவிகளும் இவற்றை ஒரே முறையில் பொருள்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றின் செயலிகள் எண்களை நினைவகத்தில் வைக்கும் பைட்டு வரிசை, வழக்கமான கணினிகளின் வரிசைக்கு நேர்மாறானது. எனவே மாற்றிப் படிக்கும் நிரல் தேவைப்பட்டது. 2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவை கணினிகளைப் போன்ற x86 வகைச் செயலிகளைக் கொண்டமையால் இவ்வேறுபாடு மறைந்தது.

ஒரே பதிப்பு: எல்லாக் கருவிகளிலும் ஆட்டத்தின் பதிப்பு ஒத்திருக்கவேண்டும். ஆட்டப் பொறிகளில் ஒவ்வோர் இற்றைப்படுத்தலும் பொறி நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றே வெளிவரும். ஒரு தளத்தில் ஒப்புதல் தாமதமானால், அத்தளத்தினர் பிறரோடு சேரமுடியாமல் போகலாம்.

பொது அடையாளம்: ஒரு வலையமைப்பின் நண்பர் பட்டியல் மற்றொன்றுக்குத் தெரியாது. ஆகவே உருவாக்குநர்கள் தளங்களுக்கு மேலாக இன்னொரு கணக்கு முறையை ஏற்படுத்துகின்றனர். மைன்கிராப்ட் ஆட்டத்துக்கு மைக்ரோசாப்ட் கணக்கும், போர்ட்நைட் ஆட்டத்துக்கு எபிக் கணக்கும் இப்பணியைச் செய்கின்றன.

தொடர்பாடல்: பொறிகளில் உள்ளமைந்த குரல் உரையாடல் அந்தந்த வலையமைப்புக்குள் அடங்குவதால், பல ஆட்டங்கள் தமக்கெனக் குரல் வசதியைக் கொண்டுள்ளன. டிஸ்கார்ட் சேவையின் குரல் உரையாடல் 2022 இல் எக்ஸ்பாக்சுக்கும் 2023 இல் பிளேஸ்டேஷன் 5 பொறிக்கும் வந்தது. குரல் இல்லாதபோதும் பயன்படும் வகையில், இடத்தையோ பொருளையோ சுட்டிக்காட்டும் குறிகள் பல கூட்டு ஆட்டங்களில் உள்ளன. போர்ட்டல் 2 இத்தகைய குறியைக் கொண்டிருந்தது.

சமநிலைச் சிக்கல்

சுட்டியைக் கொண்டு குறிபார்ப்பது கட்டுப்படுத்தியின் விரல்தண்டைக் கொண்டு குறிபார்ப்பதை விட விரைவானது. இதை ஈடுசெய்ய, கட்டுப்படுத்தியைப் பயன்படுத்துவோருக்குக் குறிபார்த்தலில் மென்பொருள் உதவி அளிக்கப்படுகின்றது. இவ்வுதவி போதாது என ஒரு சாராரும், மிகையானது என மற்றொரு சாராரும் வாதிடுவதுண்டு. கணினிகளில் ஏமாற்று நிரல்களை நிறுவுவது எளிது என்பதனால், கணினி ஆட்டக்காரர்களோடு மோத விரும்பாத பொறி ஆட்டக்காரர்களும் உள்ளனர். எனவே பல போட்டி ஆட்டங்களில் இவ்வசதியை நிறுத்திவைக்கும் தெரிவு உண்டு.

கூட்டு ஆட்டங்களில் இச்சிக்கல் குறைவு. எதிரிகளைக் கணினியே இயக்குவதால், அணியில் ஒருவர் விரைவாகக் குறிபார்ப்பது மற்றவருக்கு இழப்பாகாது, உதவியாகவே அமையும்.

வணிகக் காரணங்கள்

ஆட்டப் பொறி நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி, தம் கடைகளில் நடக்கும் விற்பனையிலிருந்து எடுக்கும் கழிவுத் தொகையாகும். நண்பர்கள் வைத்திருக்கும் பொறியையே ஒருவர் வாங்கவேண்டிய நிலை இருக்கும்வரை, அதிக பயனர்களைக் கொண்ட நிறுவனத்துக்கு அது ஆதாயம். பல்தள விளையாட்டு இந்தக் கட்டாயத்தை நீக்குகின்றது. மேலும் ஒருவர் ஒரு தளத்தில் ஆடிக்கொண்டு மற்றொரு தளத்தின் கடையில் பணம் செலுத்தவும் முடிகின்றது.

2021 இல் எபிக் கேம்ஸ், ஆப்பிள் நிறுவனங்களுக்கு இடையிலான அமெரிக்க வழக்கில் வெளியான ஆவணங்கள் இதனை வெளிச்சமிட்டுக் காட்டின. பிளேஸ்டேஷனில் செலவிடப்படும் விளையாட்டு நேரத்தோடு ஒப்பிடும்போது அங்கு கிடைக்கும் வருவாய் குறிப்பிட்ட அளவை விடக் குறைந்தால், வெளியீட்டாளர் சோனிக்கு ஈட்டுத்தொகை செலுத்தவேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது.

கணக்கு இணைப்பும் சர்ச்சைக்கு உள்ளானது. நால்வர் சேர்ந்து ஆடும் ஹெல்டைவர்ஸ் 2 ஆட்டம் 2024 பெப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5, விண்டோஸ் ஆகியவற்றுக்கு வெளியானது. கணினி ஆட்டக்காரர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தாகவேண்டும் என 2024 மே மாதம் சோனி அறிவித்தது. ஆனால் அக்கணக்கைத் திறக்கும் வசதி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் இல்லை. விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தையும், அதில் சேர்ந்திருந்த அணியையும் இழக்கும் நிலை பலருக்கு உருவானது. கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து, சில நாட்களுக்குள் அம்முடிவு கைவிடப்பட்டது. 2025 ஆகஸ்டில் இவ்வாட்டம் எக்ஸ்பாக்ஸ் பொறிக்கும் வந்தது.

பயன்கள்

ஆட்டக்காரர்கள் தளம்தோறும் பிரிந்திருந்தால், அணி சேர்வதற்கான காத்திருப்பு நேரம் கூடும். காலப்போக்கில் ஆளில்லாமல் ஆட்டமே கைவிடப்படவும் கூடும். எல்லோரும் ஒரே தொகுதியாக இருப்பது ஆட்டத்தின் ஆயுளை நீட்டிக்கின்றது.

நண்பர்களைப் பொறுத்தவரை செலவே முதன்மையானது. ஒரு வீட்டில் கணினியும் மற்றொரு வீட்டில் ஆட்டப் பொறியும் இருக்கும்போது, சேர்ந்து ஆடுவதற்காக மட்டும் புதிய பொறி வாங்கவேண்டியதில்லை. 2025 மார்ச்சில் சுவீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கி வெளிவந்த ஸ்பிளிட் பிக்‌ஷன், இருவர் மட்டுமே ஆடக்கூடிய ஆட்டமாகும். அதில் ஒருவர் ஆட்டத்தை வாங்கினால் போதும். வேறு தளத்தில் இருக்கும் நண்பர் கட்டணமின்றி அவரோடு சேர்ந்து முழு ஆட்டத்தையும் ஆடலாம்.

இவற்றையும் பார்க்கவும்

நிகழ்பட ஆட்டம்
இணைய விளையாட்டு
ஆட்டப் பொறி
வழங்கி
மைன்கிராப்ட்