விலைபோகாத வீடுகளும் யாழ்ப்பாணத்துச் சமுதாயமும்

யாழ்ப்பாணக் கிராமங்களிலே நன்னீர்க் கிணறும் பனங்காணியும் உள்ள கல்வீடுகள் சில, ஆண்டுக்கணக்கில் விலைபோகாது கிடப்பதைக் காண்கிறோம். விலை அதிகம் என்பர் சிலர்; வீட்டிலே தோஷம் உண்டென்பர் வேறு சிலர். இவ்விரு விடைகளும் மெய்க்காரணத்தை மறைத்துவிடுகின்றன. ஒரு வீடு சந்தைக்கு வருமுன்பே, அதனை விற்க உரியவர் யார், வாங்கத் தகுந்தவர் யார் என்னும் வினாக்களுக்குச் சமுதாயம் விடை கூறிவிடுகின்றது. அவ்விடையின் வரலாற்றை நோக்குதல் பயனுடையது.

ஒல்லாந்தத் தேசாதிபதி சிமன்ஸின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், 1706இல் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்தார். முதலிமார் பன்னிருவர் அதனைப் பரிசீலித்து ஏற்றனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலு அளித்தனர். இத்தேசவழமையின்படி, காணி விற்க விரும்பியவர் தம் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடாகப் பெற்ற அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வேண்டாமென்ற பின்னரே பிறருக்கு விற்கலாம். ஒல்லாந்தர் காலத்திலே விற்பனை எண்ணம் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வழமையை வெறும் பிற்போக்கு என ஒதுக்கிவிடல் பொருந்தாது. யாழ்ப்பாணத்திலே காணி பரப்புக் கணக்கிலே சிறுத்தது. பதினாறு பரப்புச் சேர்ந்தே ஓர் ஏக்கராகும். பாகம் பிரிக்கையில் காணி துண்டாகலாம், கிணறு துண்டாவதில்லை. கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உறுதிகளில் தவறாது எழுதப்படுவது இதனாலேயே. ஒரு கிணற்றை நம்பிப் பல குடும்பங்கள் தோட்டஞ்செய்யுமிடத்து, பங்கொன்று யார் கைக்குப் போகின்றது என்பது மற்றவர்களின் சீவனப் பிரச்சினையாகும்.

ஆயினும், முதலில் வாங்க உரியவர் யார் எனக் கூறும் சமுதாயம், ஒருபோதும் வாங்கக்கூடாதவர் யார் என்பதையும் சொல்லாமற் சொல்லிவிடுகின்றது. அதே தேசவழமைத் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள்ளன. கோவியரும் பள்ளரும் நளவரும் அங்கு அடிமைகளாக எண்ணப்படுகின்றனர். அடிமைமுறை இலங்கையில் 1844இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலை பெற்றோருக்குக் காணி கிடைக்கவில்லை. அவர்களுட் பலர் பிறர் காணியிற் குடிசை போட்டே வாழ்ந்தனர்.

1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் முன்கொள்வனவு உரிமையைச் சுருக்கி, பிரிக்கப்படாத பங்குகளின் விற்பனையில் உடன்பங்காளருக்கும் உரித்தாளருக்கும் உரியதாக வரையறுத்தது. சட்டப் புத்தகத்திலிருந்து அயலவர் நீங்கினார், வேலியோரத்திலிருந்து நீங்கவில்லை. விற்பவரிடம் "எவ்வளவுக்குக் கொடுக்கிறாய்?" என்று ஊர் கேட்பதற்கு முன்பு, "ஆருக்குக் கொடுக்கிறாய்?" என்றே கேட்கும். கேட்ட விலையைக் கையிலே கொண்டுவந்த தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியரோ எழுதுவினைஞரோ, "காணி இப்போது விற்பதாக இல்லை" என்ற பதிலோடு திரும்புவார். வீடு பூட்டியபடியே கிடக்கும். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் காட்டப்படும் பாகுபாட்டைக் குற்றமாக்கியது. வேலியோரத்து இரகசியப் பேச்சை அது தொடமுடியவில்லை.

இனி, பெண்ணின் நிலையை நோக்குவோம். இங்கு வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க இடமளிக்கவில்லை. கணவன் இருக்குமிடம் தெரியாவிடின் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். போரிலே காணாமலாக்கப்பட்டவனின் மனைவிக்கு இவ்விதி எத்தகைய சுமை என்பதை விளக்கவேண்டியதில்லை. உறுதியிலே பெயர் அவளுடையது, தீர்மானமோ அவளுடையதன்று.

போர் இத்தாமதத்தை மேலும் நீளச்செய்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரோடு வெளியேறினர். முன்னரும் பின்னரும் பலர் கடல் கடந்தனர். ஒரு முதுசக் காணியின் பங்காளிகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சிதறிக் கிடக்கின்றனர். ஒருவரின் அற்றோணித் தத்துவம் வந்துசேர, மற்றொருவர் இறந்துவிடுகிறார்; அவரின் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் பிரிகின்றது. முற்றத்திலே பற்றை வளர்கின்றது. அடுத்த ஒழுங்கையிலே காணியற்ற குடும்பம் வாடகைக்கு இருக்கின்றது.

ஆகவே, வீடு விலைபோகாமைக்குச் சந்தையை மட்டும் காரணங் காட்டுவது முழு உண்மையாகாது. விற்பனையைத் தடுக்கும் வேலிகள் எல்லாம் ஒருதன்மையின அல்ல. கிணற்றுப் பங்காளியின் சீவனத்தைக் காத்த வேலி வேறு. உழைக்கும் மனிதனைக் குடியிருக்கவிடாது தடுத்த வேலி வேறு. பெண்ணின் கையொப்பத்தைப் பறித்த வேலி வேறு. முதலாவதைக் காரணங் காட்டி மற்ற இரண்டையும் "எங்கள் வழமை" என்று போற்றுவோர் நம்மிடையே உள்ளனர். இவற்றைப் பிரித்தறிய மாணவருக்குக் கற்பிப்பது ஆசிரியர்களாகிய நமது கடமையாகும்.