காயத்தை மூடும் தோல்



எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் கிடந்தபோது, அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. ராஜாவின் ஜெபத்தைக் கேட்ட கர்த்தர் மருந்துக்கட்டையும் விலக்கவில்லை. இதை நாம் பெரும்பாலும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம்.

புண்ணைக் காற்றாட விட்டால்தான் ஆறும் என்னும் எண்ணம் நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படியே எண்ணியது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்னும் பிரிட்டன் ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய சிறு காயங்களில் சிலவற்றைத் திறந்தும், சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடியும் வைத்துப் பார்த்தார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு விரைவாகப் படர்ந்தது. பொருக்குத் தட்டிய காயத்தில் புதிய செல்கள் அதன் அடியில் வழிதேடி நகரவேண்டும். ஈரம் காக்கப்பட்ட காயத்தில் அந்தத் தடை இல்லை.

அதன்பின் வந்த மருந்துக்கட்டுகளில் ஒன்றுக்குச் சென்னையோடு தொடர்புண்டு. அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், தோல் பதனிடும் தொழிலுக்காகவே உருவானது. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதே கொலாஜனை மாட்டுத் திசுவிலிருந்து பிரித்துச் சுத்திகரித்து, மெல்லிய தாளாக்கி, தீக்காயங்களின்மேல் இடும் வழியை அந்நிலையத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அதை நாள்தோறும் உரித்தெடுக்க வேண்டியதில்லை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் புதிய செல்களைத் தாங்கி நின்று, தோல் வளர வளர உடலுக்குள் கரைந்துவிடுகிறது. ஒட்டிக்கொண்ட துணிக்கட்டைப் பிரிக்கையில் பிள்ளைகள் அலறுவதைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோல் உடை உடுத்துவித்த கர்த்தரை இங்கே நினையாதிருக்க என்னால் இயலவில்லை. இதை உபதேசமாக அல்ல, என் வியப்பாகவே சொல்லுகிறேன்.

ஆனாலும் எந்தக் கட்டும் தானே புண்ணை ஆற்றுவதில்லை. உடல் ஆற்றிக்கொள்வதற்கு இடம் தருகிறது, அவ்வளவே. இதை வேலூரில் கண்கூடாகக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனெரித் தம்பதியருக்கு 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மாம்சமே கெட்டது, அவர்களுடைய பாதப்புண் ஆறாது என்று அந்நாளில் பலரும் நம்பினார்கள். அது மற்றவர்களின் மாம்சத்தைப் போலவே ஆறக்கூடியது என்று பிராண்ட் கண்டார். உணர்விழந்த பாதத்தை ஊன்றி நாள்முழுதும் நடந்ததே புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்தது. பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டைப் போட்டு, உடலின் பாரம் ஓரிடத்தில் விழாமல் பரவச் செய்தார். நெடுநாள் ஆறாதிருந்த புண்கள் ஆறின.

1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது அந்த மாவுக்கட்டு முறையும் உடன் சென்றது. பின்னர் அது சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணுக்கும் பயன்பட்டது.

நம் நெய்வேலிச் சபையில், சுரங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மூத்தோரில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அநேகர். பாதம் மரத்திருந்து அதில் புண்ணும் இருந்தால், வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும்வரை ஆராதனைக்கு நடந்து வரவேண்டாம். சொல்லி அனுப்புங்கள், திருவிருந்தை நான் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.