தரையில் நிற்பவனும் தோளில் நிற்பவனும்

வில்லியம் பிளேஃபேர் என்ற பெயரை நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கேள்விப்பட வேண்டிய பெயர்தான். 1759-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு பாதிரியாரின் பிள்ளையாகப் பிறந்தவர். நீராவி யந்திரத்தால் பிரசித்தி பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராகச் சில வருஷங்கள் வேலை பார்த்தார். பிறகு லண்டனில் வெள்ளிச் சாமான் கடை, பாரிஸில் அமெரிக்க நிலங்களை விற்கும் முயற்சி, மறுபடியும் லண்டனில் ஒரு பாங்கி என்று பல காரியங்களில் இறங்கிப் பார்த்தார். ஒன்றும் உருப்படவில்லை. பாங்கி 1797-இல் முறிந்தது. கடனுக்காகச் சிறைவாசமும் உண்டு. 1823-இல், கையில் காசில்லாமலே கண்ணை மூடினார்.

இத்தனை தொல்லைகளுக்கும் நடுவில் அவர் உலகத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்கு எந்த ஆபீஸில் எந்தக் கணினியைத் திறந்தாலும், வரவு செலவுக்கும் மழை அளவுக்கும் தேர்தல் ஓட்டுக்கும் தூண் தூணாக எழும்பி நிற்கிறதே ஒரு படம், அதன் மூலபுருஷர் அவர்தான். அந்தப் படத்தை அவர் ஆசைப்பட்டு வரையவில்லை, வேறு வழியில்லாமல் வரைந்தார் என்பதுதான் இதில் வேடிக்கை.

அவருடைய தமையனார் ஜான் பிளேஃபேர் பெரிய கணித வித்துவான். தம்பி சிறுவனாக இருந்தபோது, தினந்தோறும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் கோடாக வரைந்து வரும்படி பழக்கியவர் அவர். எண்ணிக்கையில் சொல்லக் கூடிய எதையும் கோட்டினாலும் சொல்லலாம் என்பது அவர் உபதேசம். தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். 1786-இல் இங்கிலாந்தின் வியாபாரத்தைப் பற்றி ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். அதில் 44 படங்கள். 43 படங்களில், வருஷம் வருஷமாகக் கணக்குகள் கோடுகளாக ஏறி இறங்குகின்றன. ஸ்காட்லாந்துக்கு வந்தபோதுதான் சங்கடம். அந்த நாட்டுக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு வருஷத்துக் கணக்கு: 1780 கிறிஸ்துமஸிலிருந்து 1781 கிறிஸ்துமஸ் வரை. ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியுமா?

முடியாது. ஆகவே அவர் காலத்தையே விட்டுவிட்டார். ஸ்காட்லாந்தோடு வியாபாரம் செய்த 17 இடங்களையும், மேலே ஜெர்ஸி தீவில் ஆரம்பித்துக் கீழே அயர்லாந்து வரை, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பட்டைகள் படுக்கையாகப் போட்டார். இறக்குமதிக்குக் கோடு போட்ட பட்டை. ஏற்றுமதிக்குக் கறுப்புப் பட்டை. அவ்வளவுதான். இதில் காலப் போக்கு தெரியவில்லையே, மற்றப் படங்கள் அளவுக்கு இது பயன்படாது என்று அவரே குறைப்பட்டுக்கொண்டும் இருக்கிறார். பெற்ற தகப்பனுக்கே பிடிக்காத பிள்ளை! அந்தப் பிள்ளைதான் பிற்பாடு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது.

அந்தப் பட்டைகள் ஜோடி ஜோடியாகப் பிறந்தன என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "எது அதிகம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவை பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன.

இன்னொரு கேள்வியும் உண்டு. "இது எதனால் ஆனது?" இதைக் கேட்டவர்களில் ஒருவர் ஷார்ல் ஜோசப் மினார் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர். நெப்போலியனின் ருஷ்யப் படையெடுப்பை ஒரே படத்தில் வரைந்து காட்டிய மகாநுபாவர் இவர்தான். அதற்கு வெகு காலம் முன்பே, 1844-ஆம் வருஷத்தில் பிரான்சின் ஒரு கால்வாயில் என்னென்ன சரக்கு எவ்வளவு தூரம் போயிற்று என்று ஒரு படம் போட்டார். கால்வாயின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தூண். தூணின் அகலம் அந்தப் பகுதியின் தூரம். உயரத்தில், ஒவ்வொரு சரக்கும் மற்றொன்றின் தலைமேல் ஏறி நிற்கிறது. நெல் மூட்டையின் மேல் உப்பு மூட்டை, அதன் மேல் புளி மூட்டை என்று மண்டியில் அடுக்குவார்களே, அந்த மாதிரி. தூணின் உச்சியைப் பார்த்தால் மொத்தம். உள்ளே பார்த்தால் பங்கு.

ஜோடிப் படம் ஒன்று, அடுக்குப் படம் ஒன்று. இரண்டும் நல்ல பிள்ளைகள். ஆனால் அடுக்குப் படத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அப்பன் தோள்மேல் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். பக்கத்திலே இன்னோர் அப்பன், அவன் தோளிலும் ஒரு பிள்ளை. அப்பன்மார் இருவரில் யார் உயரம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். இருவரும் தரையில் நிற்கிறார்கள். பிள்ளைகளில் யார் உயரம்? சொல்லுங்கள் பார்க்கலாம். கீழே இறக்கிவிட்டால்தான் தெரியும். அடுக்குத் தூணிலும் அதே கதை. அடியில் நிற்கும் பங்கை ஒப்பிடலாம். மேலே ஏறியவற்றின் அளவைக் கண் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவில் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1984-இல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பொதுவான ஒரே அளவுகோலில் நிற்பவற்றைத்தான் மனிதக் கண் சரியாக மதிப்பிடுகிறது. தனித்தனி இடத்தில் தொடங்கும் நீளங்களில் அது அதிகம் தடுமாறுகிறது.

ஆகவே, எதைத் தரையில் நிறுத்துவது, எதைத் தோளில் ஏற்றுவது என்பது அழகைப் பற்றிய விஷயம் அல்ல. எது ஜனங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதைப் பற்றிய விஷயம். சில சமயம் உயிரைப் பற்றிய விஷயமும் கூட.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கோடுதான் நமக்குப் பாடப் புத்தகத்தில் காட்டினார்கள். கிரிமியா யுத்தம் முடிந்து 1856-இல் ஊர் திரும்பிய பிறகு அவர் கையில் இருந்தது கணக்கு. இறப்புப் புள்ளி விவரங்களில் நிபுணரான வில்லியம் பார் துணைக்கு இருந்தார். 1858-இல் அச்சான அவருடைய படங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். யுத்த காலம் அல்ல, சமாதான காலம். அந்நிய தேசமும் அல்ல, உள்நாட்டுப் படை முகாம்கள். நான்கு வயதுப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டைகள். ஊரில் இருக்கும் சாதாரண ஆங்கிலேயனுக்குக் கறுப்பு, சிப்பாய்க்குச் சிவப்பு. 20 முதல் 25 வயதுக்குள், வருஷத்துக்கு ஆயிரம் பேரில் இறந்த சாதாரண ஆங்கிலேயர் 8.4. சிப்பாய்கள் 17.0. 35 முதல் 40 வயதில் 11.6-க்கு 19.3. சிப்பாய்கள் என்றால் மார்பளவு பார்த்து, பல் பார்த்துப் பொறுக்கி எடுத்த கட்டுமஸ்தான பிள்ளைகள். அவர்கள் அல்லவா நீண்ட நாள் இருக்க வேண்டும்? துப்பாக்கியைக் காணாமலே இரண்டு மடங்கு சாகிறார்கள். முகாமின் காற்றும் தண்ணீரும் சாக்கடையும் செய்த வேலை. நான்கு சிவப்புப் பட்டைகள் நான்கு கறுப்புப் பட்டைகளைத் தாண்டி நீண்டு கிடப்பதைப் பார்த்த பிறகு எந்த மந்திரிதான் கண்ணை மூடிக்கொள்ள முடியும்?

கிரிமியாவின் சாவுகளை மாதவாரியாக அவர் வரைந்த வட்டப் படம் இன்னும் பிரசித்தம். தடுத்திருக்கக் கூடிய நோய் நீலம், காயம் சிவப்பு, மற்றவை கறுப்பு. பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல இருக்கும். இல்லை. மூன்று நிறமும் நடு மையத்திலிருந்தே அளக்கப்பட்டவை என்று படத்தின் ஓரத்திலேயே குறிப்பு எழுதியிருக்கிறார். அதாவது, எந்தச் சாவையும் இன்னொரு சாவின் தோளில் அவர் ஏற்றவில்லை. அந்த அம்மாளின் நெஞ்சழுத்தத்தை நான் வியப்பது இந்த இடத்தில்தான்.

அடுக்கினாலே தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு, டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்ற நீக்ரோ அறிஞர், அட்லாண்டா கலாசாலை மாணவர்களோடு சேர்ந்து கையால் வரைந்த படங்களைக் கொண்டு போனார். அவற்றில் ஒன்று அட்லாண்டா நகரத்து 150 குடும்பங்களின் வரவு செலவு. வருமானப்படி வரிசை வரிசையாகப் பட்டைகள். எல்லாம் ஒரே நீளம், அதாவது நூறு சதவீதம். இடது கோடியில் வாடகை. பிறகு சாப்பாடு, துணி, வரி. வலது கோடியில் மற்றச் செலவும் சேமிப்பும். வருஷம் 100 முதல் 200 டாலர் வரை சம்பாதிக்கும் குடும்பத்துக்குச் சாப்பாடே 43 சதவீதம் தின்றுவிடுகிறது. சேமிப்பு ஒரு நூலிழை. ஆயிரம் டாலருக்கு மேற்பட்டவர்களிடம் அந்தக் கோடிப் பங்கு பட்டையில் பாதியை எட்டுகிறது. இந்த அமைப்பில் இரண்டு சுவர்கள் இருப்பதைக் கவனியுங்கள். வாடகை இடது சுவரில் சாய்ந்திருக்கிறது, சேமிப்பு வலது சுவரில் சாய்ந்திருக்கிறது. இரண்டையும் கண் உடனே அளந்துவிடும்.

இனி யந்திரத்தின் கதை. அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1979-இல் விசிகால்க் என்ற நிரல் வந்து, கட்டம் போட்ட பேரேட்டைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. அதன் படப் பட்டியலில் பட்டை என்று ஒன்று, அடுக்குப் பட்டை என்று இன்னொன்று. இதுவா அதுவா, ஒன்றைத் தேர்ந்தெடு! 1985-இல் பிறந்த எக்ஸெலிலும் அதே பாகப் பிரிவினைதான் நிலைத்தது. ஜோடித் தூண் ஓர் அறை, அடுக்குத் தூண் ஓர் அறை. நடுவில் கதவு கிடையாது.

வாழ்க்கையில் வரும் கேள்வியோ இரண்டு அறையிலும் கால் வைக்கிறது. நைட்டிங்கேல் அம்மையாரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சிப்பாய் அதிகம் சாகிறானா என்பது ஒரு கேள்வி. எந்த நோயினால் அதிகம் சாகிறான் என்பது அதன் வயிற்றிலிருந்து பிறக்கும் அடுத்த கேள்வி. ஒவ்வொரு வயதுக்கும் இரண்டு தூண், ஒவ்வொரு தூணிலும் நோய்வாரியாக அடுக்கு. இதை அந்தப் பட்டியலில் தேடினால் அகப்படாது.

அதற்குக் குமாஸ்தாக்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். முதல் பத்தியில் வயது, இரண்டாம் பத்தியில் ஊர்க்காரன் அல்லது சிப்பாய், அப்புறம் நோய்க்கு ஒரு பத்தி. 20 முதல் 25 வயதுக்கு இரண்டு வரிசை எழுதியதும், கீழே ஒரு வரிசையைக் காலியாக விட வேண்டும். பிறகு அடுத்த வயதுக்கு இரண்டு வரிசை. மறுபடி ஒரு காலி. முழுவதையும் அடுக்குத் தூணாகப் போடச் சொல்லி, தூண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குறைத்துவிட வேண்டும். ஒரு ஜோடித் தூண்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொள்ளும். காலி வரிசை இருக்கும் இடத்தில் சந்து விழும். யந்திரத்துக்கு அது ஒரே அடுக்குப் படம். பார்ப்பவருக்கு ஜோடி ஜோடியாக நிற்கும் அடுக்குகள்.

ஒரு ஜோடியை இரண்டாவது அச்சில் ஏற்றுகிற வழியும் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு அச்சுக்கும் அளவைச் சமமாக நாமே பூட்டாவிட்டால், யந்திரம் தன் இஷ்டத்துக்கு ஒன்றை நூறு வரையிலும் மற்றொன்றை இருபது வரையிலும் இழுத்துவிடும். சின்னத் தூண் பெரிய தூணுக்குச் சமமாக நிற்கும். தூண்கள் ஒன்றை ஒன்று மறைத்தாலும் கேட்பாரில்லை.

தந்திரம் தெரிந்தால் மட்டும் போதாது. நோய்களை எந்த வரிசையில் எழுதுகிறோமோ அந்த வரிசையில்தான் யந்திரம் அடுக்கும். முதல் பத்தி தரைக்கு வரும். 'மற்ற காரணங்கள்' என்பதை முதலில் எழுதிவிட்டால், தடுத்திருக்கக் கூடிய காய்ச்சல் அதன் தோளில் ஏறி அந்தரத்தில் தொங்கும். சிப்பாயின் காய்ச்சல் ஊர்க்காரனின் காய்ச்சலைப் போல் எத்தனை மடங்கு என்று யாருக்கும் சட்டென்று பிடிபடாது. கணக்கில் ஒரு தப்பும் இராது. மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிடுவார். காய்ச்சலை முதல் பத்தியில் எழுதினால் அது தரையில் வந்து நிற்கும்.

அந்தக் காலி வரிசையையும் காப்பாற்ற வேண்டும். அச்சுக்குப் போகுமுன் தாளைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது ஒரு புண்ணியவான் அதை நீக்கிவிட்டால், 25 வயதுச் சிப்பாயும் அடுத்த பிரிவு ஊர்க்காரனும் ஒட்டிக்கொள்வார்கள். எட்டுத் தூண்களும் இடைவெளி இல்லாத ஒரே வேலியாக நிற்கும். யார் யாரோடு ஜோடி என்று அடியில் உள்ள பெயர்களை விரலால் தொட்டு எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.