"மோர் பெட்டர்": ஒரு தவற்றின் வரலாறு



காரியாபட்டிப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்தவன் நான். படிப்பு முடிந்து போன முதல் இன்டர்வியூவில், "திஸ் டிசைன் இஸ் மோர் பெட்டர்" என்றேன். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். வேலையும் கிடைக்கவில்லை. "நமக்கு மட்டும் ஏன் இது வரமாட்டேங்குது?" என்ற கேள்வி பல வருடம் மனதை அரித்தது. தேடிப் படித்தபோது தெரிந்ததைச் சொல்கிறேன்.

"அண்ணன் தம்பியை விட உயரம்" என்கிறோம். இதில் 'உயரம்' என்ற சொல் மாறவே இல்லை. ஒப்பிடும் வேலையை 'விட' செய்கிறது. பழைய தமிழில் அந்த வேலையைச் செய்தது ஐந்தாம் வேற்றுமையின் 'இன்' உருபு. தொல்காப்பியமும் நன்னூலும் அதற்கு ஒப்புப் பொருளைச் சொல்கின்றன. விட, காட்டிலும், பார்க்கிலும் எல்லாம் விடு, காட்டு, பார் என்ற வினைகளிலிருந்து வந்தவை.

நமக்குத் தெற்கே இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஐரோப்பிய மொழிகளைப் போல விகுதி சேர்த்து ஒப்பிடும் வழக்கம் திராவிட மொழிகளில் இல்லை என்பது அவர் கண்டது.

ஆங்கிலத்தின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் விகுதிதான்: இன்றைய 'டாலர்', 'ஃபாஸ்டர்' அந்த வழி வந்தவை. 'மோர்' சேர்ப்பது பிறகு பரவியது. 'மோர் பியூட்டிஃபுல்', 'மோர் ஸ்லோலி' என்பவை அந்த வகை. 'குட்' என்பதோ 'பெட்டர்' என்று வேறு சொல்லாகவே மாறும். இரண்டு வழியையும் சேர்த்து ஷேக்ஸ்பியரே எழுதியிருக்கிறார். அன்று யாரும் சிரிக்கவில்லை! 1762-ல் வெளிவந்த ராபர்ட் லோத்தின் இலக்கணம் போன்ற நூல்கள்தான் அதைத் தவறென்று நிலைநாட்டின.

அப்படியானால் நான் செய்தது என்ன? "அதை விட இது இன்னும் நல்லது" என்று தமிழில் நினைத்தேன். 'இன்னும்' என்பது 'மோர்' ஆனது. 'நல்லது' என்பது 'பெட்டர்' ஆனது. அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, விதியைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் அது வேண்டும். ஆனால் தவறிவிட்டால் கூனிக் குறுக வேண்டாம். இப்போது நானும் ஆட்களைத் தேர்வு செய்கிறேன். யாராவது "மோர் பெட்டர்" என்றால் நான் சிரிப்பதில்லை. "டிசைனைச் சொல்லுப்பா" என்கிறேன்.