ரூட்டுக்கும் இடமில்லாத ஒரு பதிவகம்

1999இல் கொம்பாக், எச்.பி., ஐ.பி.எம்., இன்ரெல், மைக்ரோசொஃப்ட் என்ற ஐந்து கம்பனிகள் ஒரு கூட்டணி அமைத்தன. கணினிகளுக்குள்ளே சின்னதாய் ஒரு பாதுகாப்புச் சிப்பை வைக்கவேணும் என்பது அவர்களின் திட்டம். 2003இல் அந்தக் கூட்டணியின் இடத்துக்கு 'ட்ரஸ்டட் கம்பியூட்டிங் குறூப்' வந்தது. சிப்பின் பெயர் டி.பி.எம். பழைய மடிகணினியில் விண்டோஸ் 11 போட வெளிக்கிட்டு ஏலாமல் போன ஆக்களுக்கு இந்தப் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும்.

தொடக்கத்திலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. 2002இல் மைக்ரோசொஃப்ட் 'பல்லேடியம்' என்ற திட்டத்தை அறிவித்தபோது, கேம்பிரிட்ஜின் றொஸ் அன்டர்சன் கேள்வி பதிலாக ஒரு நீண்ட எச்சரிக்கை எழுதினார். றிச்சர்ட் ஸ்டோல்மன் இதை 'துரோகக் கணிமை' என்றே அழைத்தார். அவர்களின் கேள்வி ஒன்றுதான்: நம்பகமான கணினி என்றால் ஆருக்கு நம்பகம்? காசு குடுத்து வாங்கின உங்களுக்கா, அல்லது உங்களை நம்பாத கம்பனிக்கா?

சிப் என்ன செய்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அதற்குப் பெரிய மூளை ஒன்றும் கிடையாது. சாதாரண கணினிகளில் அதற்குள்ளே பி.சி.ஆர். எனப்படும் 24 பதிவகங்கள் உண்டு, 0 முதல் 23 வரை. அவற்றில் நினைத்த எண்ணை எழுத முடியாது. புதிய அளவீடு ஒன்றைக் குடுத்தால், பழைய மதிப்பையும் அதையும் சேர்த்து ஹாஷ் செய்து, வருகிற விடையைத்தான் சிப் வைத்துக்கொள்ளும். கணினி பூட் ஆகும்போது ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தை அளந்து இப்படிப் பதிந்துகொண்டு போகும். இடையில் ஒரு எழுத்து மாறினாலும் கடைசி மதிப்பு வேறாகிவிடும். 'இந்தப் பதிவகம் இந்த மதிப்பில் இருந்தால் மட்டும் சாவியைக் குடு' என்று சிப்புக்குக் கட்டளையிடலாம். வன்தட்டைப் பூட்டுகிற வேலைக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

லினக்ஸுக்குள் டி.பி.எம். ட்ரைவர் 2005இல் வந்தது. அப்போது யுனிக்ஸ் மரபுப்படி ரூட்தான் கடவுள். ரூட் கேட்டால் கேர்னல் மறுப்பதில்லை. அந்த மரபு 2019இல் வெளிவந்த 5.4 பதிப்பில் உத்தியோகபூர்வமாக உடைந்தது. மத்தியூ கரெட் முன்னின்று தள்ளிய 'லொக்டவுன்' என்ற வசதி அதில் சேர்ந்தது. பல வருசச் சண்டைக்குப் பிறகு வந்த வசதி அது. லினஸ் டோவால்ட்ஸே 2018இல் அதை செக்கியூர் பூட்டோடு பிணைப்பதற்கு எதிராக நின்றவர். லொக்டவுன் இயங்கினால் ரூட்டும் கேர்னலின் நினைவகத்தில் கை வைக்க முடியாது. ரூட்டைத் திருடிய ஒருவர் கேர்னலையும் திருடக்கூடாது என்பது அதன் வாதம்.

லொக்டவுனுக்குப் பலியான வசதிகளில் ஒன்று ஹைபர்னேசன். மின்சாரம் நிற்கப்போகிற நேரத்தில் அதன் அருமை எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நினைவகம் முழுவதையும் வன்தட்டில் எழுதிவிட்டுக் கணினி அணைந்துவிடும். திரும்பப் போட்டதும் அதை அப்படியே ஏற்றிக்கொள்ளும். ஆனால் வன்தட்டில் இருப்பதை ரூட் மாற்றலாம். ரூட் ஒரு பொய்யான படிமத்தை எழுதி வைத்தால், கேர்னல் அதைத் தன்னுடைய பழைய நினைவு என்று நம்பி ஏற்றிக்கொள்ளும்.

2021இல் இதற்குக் கரெட் ஒரு வழி சொன்னார். படிமத்தைப் பூட்டும் சாவியைக் கேர்னல் டி.பி.எம்.மில் உருவாக்கட்டும். சாவி பிறக்கும்போது பதிவகங்கள் எந்த மதிப்பில் இருந்தன என்பதைச் சிப் பிறப்புச் சான்றிதழ் மாதிரிப் பதிந்து தரும். சாவி பிறக்கும் முன் கேர்னல் 23ஆம் பதிவகத்தைச் சுழியமாக்கி, தனக்குத் தெரிந்த ஒரு மதிப்பை அதில் ஏற்றிவிடும். கணினி விழிக்கும்போது சான்றிதழைப் பார்த்து, இது கேர்னல் பெற்ற பிள்ளையா, ரூட் பெற்றதா என்று பிரித்தறியலாம். ஒரேயொரு நிபந்தனை: பயனர் பக்கத்தில் இருந்து ஒருவரும், ரூட் உட்பட, 23ஐத் தொடக்கூடாது. அப்படி வருகிற கட்டளைகளைக் கேர்னலே வழிமறித்துத் திருப்பிவிடும்.

ஏன் 23? ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் சாதாரண மென்பொருள் சுழியமாக்கக்கூடிய பதிவகங்கள் 16உம் 23உம் மட்டும்தான். 16 பிழைதிருத்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்டது. 23ஐ நியமம் ஒதுக்கியிருப்பது பயன்பாட்டு மென்பொருட்களுக்கு! அதாவது பொதுக் காணியைக் கேர்னல் வேலி போட்டு எடுக்கிறது.

அந்த வேலி சிப்பில் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாய்ப் படுகிறது. வருகிற கட்டளை கேர்னலுடையதா ரூட்டுடையதா என்று சிப்புக்குத் தெரியாது, இரண்டும் ஒரே வாசலால்தான் வருகின்றன. 0 முதல் 4 வரை ஐந்து வாசல்களைச் சிப்பின் வடிவமைப்பு வைத்திருக்கிறது, லினக்ஸ் வழமையாக நுழைவது 0 வழியாக. ஆகவே, கையொப்பமிட்ட, ஆனால் இந்த வேலியைப் பற்றி ஒன்றும் அறியாத பழைய கேர்னல் ஒன்றை ஒருவர் பூட் செய்தால், அங்கே 23 திரும்பவும் திறந்த காணிதான். அதைத் தடுக்க இன்னொரு பூட்டு வேணும்.

2022இல் எவன் கிரீன் இந்தத் திட்டத்தைத் திருத்தித் திரும்பத் திரும்ப அனுப்பினார். அந்த வருசத்துச் சுற்றுகளில் அது முதன்மைக் கேர்னலுக்குள் போகவில்லை.

ஸ்டோல்மன் பயந்தது இதற்கா? முழுக்க இல்லை. இங்கே வேலி போடுவது கம்பனி இல்லை, நீங்களே வாசித்துத் திருத்தக்கூடிய நிரல். பிடிக்காவிட்டால் செக்கியூர் பூட்டை அணைத்து, உங்கட கேர்னலை நீங்களே தொகுத்துக்கொள்ளலாம். அந்த ஆளி கணினியில் இருக்கும்வரை 23ஐக் கேர்னலுக்கு விட்டுக்கொடுப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. எங்கட கையில் இருக்கிற கைபேசிகள் பலவற்றில் அந்த ஆளியே இல்லை.