நான்கு பழைய சட்டங்களும் ஒரு புதிய சட்டமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

எல்லைப் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த புதிய சட்டத்தைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஒன்று அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். "இனி ஒருத்தனும் உள்ளே வர முடியாது" என்று ஒருவர் சொல்கிறார், "எல்லாரையும் பிடித்து அனுப்பிவிடுவார்கள்" என்று இன்னொருவர். இரண்டுமே முழு உண்மை இல்லை. நமக்கு வரலாறு தெரிந்தால் பாதி பயமும் பாதி கொண்டாட்டமும் குறைந்துவிடும்.

முதலில் செய்தி. 2025 மார்ச் 11 அன்று குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் மசோதா மக்களவையில் அறிமுகமானது. மார்ச் 27-இல் மக்களவையிலும் ஏப்ரல் 2-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஏப்ரல் 4-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1920, 1939, 1946, 2000 என்று நான்கு வேறு காலங்களில் வந்த நான்கு சட்டங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த ஒன்றை வைத்திருக்கிறார்கள். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலி பாஸ்போர்ட் என்றால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டினர் தங்கினால் விடுதி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் அரசுக்குத் தகவல் தர வேண்டும்.

அந்த நான்கு பழைய சட்டங்களும் எப்படிப் பிறந்தன என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இன்று பாஸ்போர்ட் இல்லாமல் பக்கத்து நாட்டுக்குப் போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. முதல் உலகப் போருக்கு முன்னால் அப்படிப் போவதுதான் வழக்கம். 1864-லேயே வெளிநாட்டினரை வெளியேற்ற ஒரு சட்டம் இருந்தாலும், வாசலில் நின்று தாள் கேட்கும் பழக்கம் இல்லை. 1914-இல் போர் வந்ததும் எல்லாம் மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 5-இல் 'இந்தியாவுக்குள் நுழைதல்' பற்றி ஓர் அவசரச் சட்டம் போட்டார்கள். அது முதலில் பாய்ந்தது யார் மேல் தெரியுமா? வெளிநாட்டினர் மேல் அல்ல, நம் ஆட்கள் மேல்தான்.

கோமகதா மாரு கப்பலைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? குர்தித் சிங் என்பவர் வாடகைக்கு எடுத்த ஜப்பானியக் கப்பல் அது. 376 பயணிகள், பெரும்பாலும் பஞ்சாப் சீக்கியர்கள். 1914 மே மாதம் கனடாவின் வான்கூவர் போய்ச் சேர்ந்தார்கள். சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேராக வந்தவர்களுக்குத்தான் அனுமதி என்று கனடா ஒரு விதி வைத்திருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேராகப் போகக் கப்பலே கிடையாது. விதியின் நோக்கமே அதுதான். இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்து, ஒரு சிலரை மட்டும் இறக்கிக்கொண்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் 29-இல் கப்பல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பட்ஜ்பட்ஜ் வந்தது. இறங்கியவர்களை நேராகப் பஞ்சாப் ரயிலில் ஏற்ற முயன்றார்கள். அவர்கள் மறுக்க, தகராறு முற்றி, துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் அளவுக்கு இறந்தார்கள். அங்கே போனால் அந்நியன், இங்கே வந்தால் சந்தேகத்துக்குரியவன். போர் முடிந்த பிறகும் அந்தக் கெடுபிடி போகவில்லை. 1920-இல் பாஸ்போர்ட் சட்டமாக நிலைத்துவிட்டது.

1939 சட்டம் அடுத்த போர் நெருங்கும்போது வந்தது. வெளிநாட்டினர் எல்லாரும் பதிவு செய்ய வேண்டும். போர் தொடங்கியதும் ஜெர்மனிக்காரர்களைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். ஹிட்லருக்குப் பயந்து இங்கே ஓடிவந்த யூதர்களில் பலரையும் 'எதிரி நாட்டவர்' என்று முதலில் அடைத்துவிட்டார்கள். கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்ததே காரணம். பிறகு விசாரித்துப் பலரை விட்டார்கள். தாள் சொல்வது ஒன்று, மனிதன் கதை வேறு.

1946 சட்டம்தான் நாலிலும் பெரியது. விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன், நவம்பரில் வந்தது. அதன் 9-ஆம் பிரிவை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணமாக ஒருவன் திருடினான் என்றால் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்திலோ, 'நீ வெளிநாட்டவன்' என்று சொன்னால், 'இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது அந்த மனிதன்தான். அந்த விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத கூலிக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய மலை என்பதை அஸ்ஸாமில் பார்த்தோம். 2019 ஆகஸ்டில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேருக்கு மேல் இடம்பெறவில்லை.

இன்னொரு சுவையான விஷயம். 1946 சட்டத்தின்படி பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தவர் வெளிநாட்டவர் அல்ல. அதனால் பாகிஸ்தான் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள்கூடச் சட்டப்படி வெளிநாட்டவர் ஆகவில்லை. 1957-இல் திருத்தம் செய்த பிறகுதான், இந்தியக் குடிமகன் அல்லாதவர் எல்லாரும் வெளிநாட்டவர் என்று ஆனது. விடுதலை பெற்றுப் பத்து ஆண்டு ஆகியும் 'அந்நியன் யார்' என்பதே தெளிவில்லாமல் இருந்திருக்கிறது! 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சின்னது. சரியான தாள் இல்லாதவரை ஏற்றிவரும் விமானத்துக்கும் கப்பலுக்கும் அபராதம், அவ்வளவுதான்.

இனி நம் கடலுக்கு வருகிறேன். அந்த அவசரச் சட்டம் வந்த அதே 1914-இல்தான் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, சுமார் 30 கிலோமீட்டர் கடந்து தலைமன்னாரில் இறங்கிக் கொழும்பு போகலாம். எங்கள் தாத்தா அப்படித்தான் கொழும்புக் கடைக்குப் போய்வந்தார் என்பது உறவினர்களுக்குத் தெரியும். தோட்டக் கூலிகளை மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவார்கள்.

அந்தப் பாதையை முதலில் இறுக்கியது இலங்கை. 1948-இல் குடியுரிமைச் சட்டமும், வருவோர் போவோர் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 'கள்ளத்தோணி' என்ற சொல் வசைச்சொல் ஆனதும் அப்போதுதான். தோணி அதே தோணி, கடலும் அதே கடல். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஒப்பந்தம் போட்ட டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதே மண்டபத்துக்கு அகதிகள் வந்து இறங்கினார்கள். படகில் உயிரைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்? 2021 கணக்கில் முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர், வெளியே பதிவு செய்தவர்கள் 34 ஆயிரம் பேர். அந்த ஆண்டு தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாற்றம் நல்லதுதான். ஆனால் டெல்லிச் சட்டத்தில் அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 2003 திருத்தத்தில் வந்த சொல் அது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை.

புதிய மசோதா விவாதத்தில் உள்துறை அமைச்சர், நாடு ஒன்றும் தர்மசாலை அல்ல என்றார். மே மாதம் உச்ச நீதிமன்றத்திலும் இலங்கைத் தமிழர் ஒருவர் வழக்கில் அதே சொல் வந்தது. எனக்கு அந்தச் சொல் உவப்பாக இல்லை. எல்லையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போதைப்பொருளும் போலி பாஸ்போர்ட்டும் தடுக்கப்பட வேண்டியவைதான், சிதறிக் கிடந்த நான்கு சட்டங்களை ஒன்றாக்கியதும் முறைதான். என் குறை வேறு. அகதி என்றால் யார் என்று இந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போடவும் இல்லை.

ஒரு ஆறுதல் உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனை கிடையாது. ஆகவே "பிடித்து அனுப்பிவிடுவார்கள்" என்று யாரும் யாரையும் பயமுறுத்த வேண்டாம். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை என்பது வேறு. அந்த ஆணை இரண்டாவதைத் தரவில்லை. ஓர் ஆணையால் வந்த சலுகையை இன்னோர் ஆணையால் எடுத்துவிடவும் முடியும்.

முகாமிலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு ஒரு தகவல். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் வாக்கும் போட்டார். 1983-க்கும் 1987-க்கும் இடையில் இங்கே பிறந்த எல்லாருக்கும் இது பொருந்தும். ஒரு நாள் தள்ளி, ஜூலை 1 அன்று பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

இதில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு, ஜூனில் ஐந்து வயது நிறைந்தால் போதும் என்று மே, ஜூன் மாதத் தேதியாகப் பார்த்து எழுதிவிடுவார்கள். பாதி வகுப்புக்கு ஒரே மாதத்தில் பிறந்தநாள் வருவது அதனால்தான்! ஆகவே டி.சி.யை மட்டும் நம்பாதீர்கள். மருத்துவமனையில் பிறந்தீர்களா, முகாமிலா என்று அம்மாவிடம் கேளுங்கள். அந்த ஊராட்சி அல்லது நகராட்சியில் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய முகாம் குடும்ப அட்டையையும் தூக்கிப் போட வேண்டாம். தேதி 1987 ஜூலைக்கு முன்னால் இருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே உதவி கேட்கலாம். விண்ணப்பம் எழுத ஆள் வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், காலையில் பதினோரு மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன்.