அழித்த பின்னும் எஞ்சுவது

ஒரு மென்பொருள் இனி வேண்டாம் என்று முடிவு செய்கிறோம். நிறுவப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்து, அதன் பெயரைத் தேர்ந்தெடுத்து, நீக்கச் சொல்கிறோம். சில நொடிகளில் நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வருகிறது; நாமும் நம்பிவிடுகிறோம். அந்தச் செய்தியைச் சொல்வது யார் என்று நாம் கேட்பதில்லை. விண்டோஸ் இயங்குதளத்தில் அந்தப் பட்டியலிலுள்ள பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது, அந்த மென்பொருளே தன்னை நிறுவிக்கொண்ட நாளில் எழுதிவைத்த ஒரு கட்டளைதான். இயங்குதளம் அதை அழைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. குடியிருந்தவரே வீட்டைக் காலி செய்து, வீடு துப்புரவாக இருக்கிறது என்று அவரே சான்றும் வழங்கும் ஏற்பாடு இது.

முன்பு ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புக் குறிப்புகளைத் தனித்தனிச் சிறு கோப்புகளில் வைத்துக்கொண்டது. 1995இல் வந்த விண்டோஸ் 95 முதல் அவை பதிவகம் எனப்படும் ரெஜிஸ்ட்ரியில், ஒரே பெரும் களஞ்சியத்தில், சேரத் தொடங்கின. வசதிதான். ஆனால் ஒரு கோப்புறையை அழித்தால் மென்பொருள் போய்விடும் என்ற நிலை அதோடு மாறியது. கோப்புகள் போன பின்னும் பதிவகத்தில் அவற்றின் முகவரிகள் எஞ்சின. பெரும்பாலும் அவை தீங்கற்றவை. ஆளில்லாத வீட்டின் கதவில் தொங்கும் பழைய பெயர்ப்பலகைகள். ஆனால் எல்லா எச்சங்களும் அப்படிப்பட்டவை அல்ல என்பதை 2005இல் உலகம் அறிந்துகொண்டது.

அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று, விண்டோஸின் உள்ளமைப்பை நன்கறிந்த மார்க் ருசினோவிச் தம் வலைப்பதிவில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரூட்கிட்டுகளைக் கண்டறியத் தாம் எழுதிய கருவியைத் தம் கணினியிலேயே சோதித்தபோது, மறைந்திருந்த கோப்புறை ஒன்று அகப்பட்டது. ரூட்கிட் என்பது இயங்குதளத்தின் அடித்தளத்தில் புகுந்து, தான் விரும்பாதவற்றை அதன் கண்ணிலிருந்தே மறைக்கும் மென்பொருள். பொதுவாக அது ஊடுருவுவோரின் கருவி. ருசினோவிச் தடம் பிடித்துச் சென்ற பாதையோ, தாம் காசு கொடுத்து வாங்கிய ஓர் இசைக் குறுந்தகட்டில் முடிந்தது. வெளியிட்டது சோனி பிஎம்ஜி. நகலெடுப்பதைத் தடுப்பதற்காக, பிரிட்டனைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்ற நிறுவனம் உருவாக்கிய மென்பொருளை அது தன் தகடுகளில் சேர்த்திருந்தது.

இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே ‘சிஸ்’ என்ற சொல்லுடன் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்தது. ருசினோவிச் சாதாரண நோட்பேடின் நகலுக்கு அப்படிப் பெயரிட்டுப் பார்த்தார். அதுவும் கண்ணிலிருந்து மறைந்தது. யாருடைய கோப்பு என்று அந்தத் திரை கேட்கவில்லை. சில நாள்களிலேயே அந்த மறைவில் ஒளிந்துகொள்ளும் தீநிரல்கள் வெளிப்பட்டன.

நீக்கும் கட்டளை எதுவும் அதற்கு இல்லை. ருசினோவிச் கோப்புகளையும் பதிவக உள்ளீடுகளையும் கையாலேயே அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினார். இம்முறை குறுந்தகட்டு இயக்கியே காணாமல் போயிருந்தது! இயக்கிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே அந்த மென்பொருள் ஓர் இடைத்தரகரை அமர்த்தியிருந்தது. தரகர் போய்விட்டார்; ஆனால் அவர் வழியாகத்தான் போக வேண்டும் என்ற குறிப்பு பதிவகத்தில் அப்படியே இருந்தது. அந்தக் குறிப்பைத் தேடி அழித்த பின்பே இயக்கி திரும்பியது. அவருக்கு இது சாத்தியமாயிற்று. பாட்டுக் கேட்க மட்டுமே தகட்டைச் செருகிய ஒருவர் என்ன செய்திருப்பார்?

பெரும்பாலோருக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு அவர்கள் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் சோனி பிஎம்ஜியின் உயர் அலுவலர் ஒருவர் வானொலியில் பேசினார். பின்னர் நிறுவனம் நீக்கும் நிரல் ஒன்றைத் தந்தது. அதைப் பெறுவதற்கே படிவம் நிரப்பிக் காத்திருக்க வேண்டும். பின்லாந்து ஆய்வாளர் ஒருவர் முதலில் ஐயத்தைக் கிளப்ப, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் நவம்பர் நடுவில் உறுதிசெய்தார்கள்: அந்த நீக்கி தன் வேலை முடிந்த பின்னும் தன்னுடைய ஒரு கூறை கணினியிலேயே விட்டுச்சென்றது. அதைப் பயன்படுத்தி எந்த வலைப்பக்கமும் அக்கணினியில் தான் விரும்பிய நிரலை இறக்கி இயக்கலாம். நோயை விட மருந்தின் எச்சம் கொடியதாயிற்று.

எச்சம் எய்தவர் மேலும் திரும்பியது. அந்த மென்பொருள் இணையத்தில் தன் வழங்கிகளைத் தேடிய ஒவ்வொரு முறையும், முகவரி தேடித்தரும் பெயர் வழங்கிகளின் நினைவில் சிறிது காலம் ஒரு சுவடு தங்கியது. பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி அச்சுவடுகளை எண்ணிப் பார்த்தார். 5,68,200க்கும் மேற்பட்ட பெயர் வழங்கிகளில் அவை இருந்தன. தன்னைக் கணினிக்குள் முழுதாக மறைத்துக்கொண்டது, வெளியே போட்ட அடிச்சுவடுகளை அழிக்க மறந்திருந்தது.

விளைவுகள் விரைந்து வந்தன. 52 தலைப்புகளில் விற்பனைக்கு அனுப்பப்பட்டிருந்த சுமார் 47 லட்சம் தகடுகளைச் சோனி பிஎம்ஜி திரும்பப் பெற முன்வந்தது. ஏறத்தாழ 21 லட்சம் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. டெக்சாஸ் மாநிலம் நவம்பர் 21 அன்று வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாஃப்ட் தன் தீநிரல் நீக்கும் கருவியில் இதையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் 2007 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நீக்க முயன்று கணினி பழுதானோருக்கு 150 டாலர் வரை ஈடு தர நிறுவனம் இசைந்தது. சேதம் மென்பொருளை நிறுவியபோது மட்டுமல்ல, அதை அகற்ற முயன்றபோதும் நேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதை ஒரு நிறுவனத்தின் பிழையாக மட்டும் நாம் வாசித்தால் பாதியைத் தவறவிடுவோம். நிறுவும்போது கேட்கப்படும் சம்மதம் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். திரும்பப் பெற முடியாத சம்மதம் சம்மதமாகாது என்பதையே அந்த இலையுதிர்காலம் காட்டியது. இன்றைய கைப்பேசிகளில் ஒவ்வொரு செயலியும் தனக்கான அறையில் அடைக்கப்பட்டிருப்பதால், நீக்கம் பெருமளவு தூய்மையாகிவிட்டது. ஆனால் அந்த அறைகளின் சாவிக்கொத்து கைப்பேசியின் இயங்குதளத்தை உருவாக்கியவரிடம் இருக்கிறது. அவரே முன்கூட்டி வைத்த சில செயலிகளை நம்மால் எளிதில் அகற்றவும் முடிவதில்லை. 2005இல் ருசினோவிச்சால் தம் கணினியின் அடித்தளம் வரை இறங்கிப் பார்க்க முடிந்தது. நம் சட்டைப்பையில் இருப்பதில் அப்படி இறங்கிப் பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு வழி இருக்கிறது?